ஆச்சே தெருவில் விடைபெற்றவர்கள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள ஆச்சே தெருவுக்கு ஒரு காலத்தில் ‘இரண்டாம் ஜித்தா’ என்று பெயர். மக்காவுக்குப் போகிறவர்கள் கப்பலை விட்டு இறங்கும் அரபுத் துறைமுகம் ஜித்தா. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னால் கெடா, பெர்லிஸ், தென் தாய்லாந்து, சுமத்ரா என்று நாலா பக்கமிருந்தும் ஹஜ் பயணிகள் வந்து கூடிய இடம் இந்தத் தெரு. கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் முகவர்கள், தங்கும் வீடுகள், சாப்பாட்டுக் கடைகள், கிதாபு விற்கிறவர்கள், வழிக்கு வேண்டிய சாமான் விற்கிறவர்கள் எல்லாரும் இங்கேயே இருந்தார்கள். கப்பல் வரும் நாள் தள்ளிப்போனால் பயணிகள் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் பலர் முதியவர்கள். வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு போதும் என்கிற அளவுக்கு வருவதற்குள் தலை நரைத்துப் போயிருக்கும்.

அவர்கள் எப்படிக் கிளம்பினார்கள் என்பதைக் கேட்கத்தான் நான் இந்தத் தெருவுக்கு வந்தேன். முதுமையைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறோம். சர்க்கரை, மூட்டு வலி, ஓய்வூதியம், காப்பீடு என்று எல்லாம் எழுதுகிறோம். எழுபதைத் தாண்டியவர் தன் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார், வரப்போகும் நாளுக்கு எப்படி மனத்தைத் தயார் செய்துகொள்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். அந்தத் தயாரிப்பு ஒரு தெருவின் தொழிலாகவே இருந்த ஊர் இது.

தெருவின் நடுவில் மலாய்ப் பள்ளிவாசல் இருக்கிறது. ஆச்சேயிலிருந்து வந்து இங்கே குடியேறிய செல்வர் துங்கு சையது ஹுசைன் அல் ஐதீத் 1808-ல் கட்டியது. எண்கோண வடிவில் ஒரு மினாரா. அதில் வட்டமான ஒரு துளை தெரிகிறது. 1867-ல் ஊரில் நடந்த கலவரத்தில் பீரங்கிக் குண்டு துளைத்தது என்று ஊர்க்காரர்கள் காட்டுகிறார்கள். அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தபின் தாழ்வாரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் பேசுவதைக் கேட்டு, “எந்த ஊரு தம்பி?” என்றார். அவருடைய அத்தா ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர். தாய் வழி இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். பேச்சில் தமிழும் மலாயும் சேர்ந்தே வந்தன.

“எங்க பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போனப்போ கம்பத்து (கிராமத்து) சனமே வழியனுப்ப வந்துச்சு. அதுக்கு முன்னாடி வீடு வீடா ஏறி எறங்குனாரு. ‘தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்சத மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க’ன்னு கேட்டாரு. பேச்சுவார்த்தை இல்லாதவங்க வீட்டுக்கும்தான். அங்கதான் மொதல்ல போகணும்.” கடன் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். அடைக்க முடியாததைக் கடன் கொடுத்தவரிடமே சொல்லி, பிள்ளைகளில் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வீடு, மரம், மாடு யாருக்கு என்று சாட்சி வைத்து வசிய்யத், அதாவது மரண சாசனம், சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டி கட்டுவது.

அந்தப் பயணத்தில் திரும்பி வருவது உறுதியில்லை. நீராவிக் கப்பலிலேயே ஜித்தா போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். ஊர் திரும்ப மாதங்கள் ஆகும். கப்பலில் இறந்தவர்களைத் துணி சுற்றிக் கடலில் விட்டார்கள். அதனால் துறைமுகத்தில் வழியனுப்பியவர்கள் அழுத அழுகை, மரண வீட்டு அழுகைக்குக் குறைந்ததாக இருந்திருக்காது. ஆனால் போகிறவர் உயிரோடு முன்னால் நிற்கிறார். எல்லாருடைய முகத்தையும் பார்க்கிறார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஏறுகிறார். நம் வீடுகளில் இன்று யாருக்கு இது வாய்க்கிறது?

பெரியவர் தானும் போய் வந்தவர், விமானத்தில். இஹ்ராமுக்கு உடுத்திய தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணியை ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அதுதான் அவருடைய கபன், அடக்கத்தின்போது உடுத்தும் துணி. வருடத்துக்கு ஒரு தடவை, நோன்பு பிறக்குமுன், அதை எடுத்து வெயிலில் போட்டு, கற்பூர வில்லை மாற்றி, மறுபடி மடித்து வைப்பாராம். மருமகள் செய்து தருகிறேன் என்றால் விடமாட்டார். மடிக்கும் விதத்தைத் தன் மேல்துண்டை எடுத்து எனக்குச் செய்து காட்டினார். நீளவாக்கில் மூன்று மடிப்பு, பிறகு பாதி, பிறகு பாதி. கை நடுங்கியது. ஓரங்கள் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின.

“பயமா இருக்காதா ஐயா?”

“மொத தடவ இருந்துச்சு. இப்ப அத மடிக்கிறப்பதான் அந்த வருசத்துக் கணக்கப் பாக்குறேன். யாரு மனச நோகடிச்சோம், எந்த வக்துத் தொழுகைய விட்டோம்னு. ஈமானோட மௌத்தாகணும் தம்பி. அது கடைசி நாள்ல வந்துடாது.” ஈமான் என்றால் நம்பிக்கை, மௌத் என்றால் மரணம்.

மலேசியப் பள்ளிவாசல்களில் ‘கைராத் கெமத்தியான்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு குடும்பமும் சிறிய சந்தா கட்டுகிறது. ஒருவர் இறந்தால் குளிப்பாட்டுவது, கபனிடுவது, அடக்கம் செய்வது அனைத்தையும் ஜமாஅத்தே பார்த்துக்கொள்கிறது. மலேசியத் தமிழர் சங்கங்கள் பலவற்றில் ‘மரண சகாய நிதி’ இருந்தது. சீனர்களின் குலச் சங்கங்களிலும் அதே மாதிரி உதவி உண்டு. பின்னவை இரண்டும், கூலிக்கு வந்து, உறவில்லாத மண்ணில் இறந்துபோவோமே என்று பயந்தவர்கள் கட்டிய அமைப்புகள். கடைசிக் காலத்துக்குத் தயாராவதை நாம் தனி மனிதரின் மனப்பக்குவம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பினாங்கில் நான் பார்த்தவரை அதைப் போகிறவரும் சுற்றியுள்ளவர்களும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள். சுற்றி ஆள் இல்லாதபோது அந்த முதியவரின் நம்பிக்கையே தடுமாறிப் போகிறது.

இந்தத் துறைமுகத்தின் கப்பல் கதைகளில் ஒன்றை நான் மறக்க முடியாது. 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, பினாங்கைத் தொட்டு, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பயணிகளோடு ஒரு கப்பல் ஹஜ்ஜுக்குப் போனது. அதன் பெயரே ‘ஜித்தா’. ஆகஸ்டில், ஏடன் வளைகுடாவை நெருங்கும் இடத்தில் புயலில் அடிபட்டுத் தண்ணீர் புகுந்தது. கேப்டனும் அதிகாரிகளும் இரவில் படகில் இறங்கித் தப்பினார்கள். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஏடனுக்குக் கொண்டுபோனது. ஜித்தா மூழ்கிவிட்டது, எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று அங்கே அவர்கள் சொன்னார்கள். மறுநாள் ஆன்டெனர் என்ற கப்பல் ஜித்தாவைக் கட்டி இழுத்துக்கொண்டு அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கைவிடப்பட்ட பயணிகள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக இருந்தவர்கள், தண்ணீரை இறைத்து இறைத்துக் கப்பலை மிதக்க வைத்திருந்தார்கள்.

இதை வைத்துத்தான் ஜோசப் கான்ராட் 1900-ல் ‘லார்ட் ஜிம்’ நாவலை எழுதினார். நாவல் குதித்து ஓடிய அதிகாரியின் மனச்சாட்சியைத் தொடர்ந்து போகிறது. எனக்கு அந்தப் பயணிகளைப் பற்றியே கேட்கத் தோன்றுகிறது. கடன் அடைத்து, மன்னிப்புக் கேட்டு, விடைபெற்றுக் கிளம்பியவர்கள் அவர்கள். சாவுக்குத் தயாராக வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், நாள் கணக்கில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். சாவை எண்ணிப் பார்ப்பது ஆளைச் சோர வைத்துவிடும், பெரியவர்களிடம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்பவர்களுக்கு இந்தக் கப்பலைத்தான் பதிலாகச் சொல்வேன்.

பின்னாளில், ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் விழுந்தவர்களைப் பார்த்து, பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ் 1959-ல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அதிலிருந்து பிறந்தது இன்றைய ‘தாபோங் ஹாஜி’. 1970-களில் கப்பல் பயணம் நின்றது. ஆச்சே தெருவின் சந்தடியும் அடங்கிவிட்டது.

அங்கிருந்து நடை தூரத்தில் கபித்தான் கெலிங் பள்ளிவாசல். நம் பரங்கிப்பேட்டைக்காரர் காதர் முகைதீன், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்தில் 1801-ல் எழுப்பியது. 1834-ல் அவர் இறந்தார். போகும்போது சொத்தில் ஒரு பகுதியை வக்ஃபாக, அறக்கொடையாக, எழுதி வைத்துவிட்டுப் போனார். இந்த நகரத்தின் பழைய தெருக்களில் வக்ஃபு மனைகளும் கோயில் மனைகளும் நிறைய உண்டு. எழுதி வைத்தவர்கள் போனபின் நிர்வாகம் கெட்டுப்போன கதைகளும் உண்டு. அதனால்தான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். ஆனாலும் ஒரு வியாபாரி தன் முடிவை நினைத்து எழுதிய கையெழுத்தின் பயனாக, ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்தும் யாரோ ஒருவர் நிழலில் உட்கார்ந்து தொழுகிறார். உயிலைப் பிள்ளைகளின் சண்டையைத் தவிர்க்கும் பத்திரமாக மட்டும் நாம் பார்க்கிறோம். அது அதைவிடப் பெரிய காரியம்.

சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாவின் நினைவாக 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர்கள் கட்டியது. உள்ளே கபுர் (அடக்கத்தலம்) இல்லை, நினைவு மட்டும்தான். கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நம் ஆட்கள் தவித்திருக்கிறார்கள். 1926-லிருந்து 1973 வரை ஓடிய ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் திரும்பிய கிழவர்கள் எத்தனையோ பேர். போக முடியாதவர்கள் இங்கே வந்து விளக்கேற்றினார்கள்.

பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கள்ளி மந்தாரை மரங்களுக்குக் கீழே, இந்தக் குடியேற்றத்தை 1786-ல் நிறுவிய பிரான்சிஸ் லைட் கிடக்கிறார். எட்டு வருடத்தில், 1794-ல், மலேரியாவில் போய்விட்டார். சுற்றியுள்ள கற்களில் வயதைப் படித்துக்கொண்டே போனால் முதுமையைப் பார்த்தவர்கள் குறைவு. இளம் தாய்மார்கள், கைக்குழந்தைகள், பணிக்கு வந்த வாலிபர்கள். முதுமை என்பது எல்லாருக்கும் கொடுத்துவைக்காத காலம் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மாலை தண்ணீர்மலைக்குப் போனேன். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. 2012-ல் குடமுழுக்கு கண்ட புதுக் கோயில் மேலே பளபளவென்று நிற்கிறது. அடிவாரத்தில் ஓர் ஆச்சி, எண்பது இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் உட்கார்ந்திருந்தார். பேரன் பால் செம்போடு மேலே போயிருந்தான். “ஒவ்வொரு கிழமையும் வருவீங்களா பாட்டி?” என்று கேட்டேன். “இவன் கூட்டிட்டு வந்தா வருவேன். ஏறுறது இல்ல. எனக்கு இந்தப் படிதான் சந்நிதி” என்று சொல்லிவிட்டு மறுபடி உதட்டை அசைக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாவது படியில் தடவிவிட்ட விபூதித் தடம் இருந்தது. அவர் கை வைத்து வணங்கிய இடம்.

அப்பரை நினைத்துக்கொண்டேன். தள்ளாத வயதில் கயிலைக்குக் கிளம்பியவர். கால் தேய்ந்து, கையால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் உருண்டு போனார் என்று சேக்கிழார் சொல்கிறார். அங்கே ஒரு குளத்தில் மூழ்கி, திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். பலரும் கதையை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின்னால் வருவது. காட்சி கிடைத்தாயிற்று என்று அவர் ஓயவில்லை. மறுபடி உழவாரத்தை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கப் போனார். திருப்புகலூரில் சித்திரைச் சதயத்தன்று இறைவனடி சேரும்வரை அந்தப் படை அவர் கையில் இருந்தது. கடைசி வரை நம்பிக்கையோடு இருப்பது என்றால் என்ன என்று கேட்டால், அன்றாடம் செய்து வந்த சிறிய வேலையை உடம்பு விடுகிற அளவுக்குச் செய்துகொண்டே இருப்பது என்று அவரைக் காட்டிச் சொல்லலாம். ஏற முடியாதபோது முதல் படி. அந்தப் படி வரைக்கும் கூட்டிவர ஒரு பேரன்.

பேரன் இல்லாதவர்களுக்கு யார்? இந்தக் கேள்வியோடுதான் பினாங்கிலேயே பத்து லஞ்சாங் என்ற பகுதிக்குப் போனேன். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற கத்தோலிக்கத் துறவியர் அங்கே முதியோர் இல்லம் நடத்துகிறார்கள். சென்னை ஹாரிங்டன் சாலையிலும் இவர்களுடைய இல்லம் உண்டு. எந்த மதத்தவரானாலும் வசதியற்ற முதியவர் என்றால் ஏற்றுக்கொள்கிறார்கள். நன்கொடையை நம்பியே நடக்கிறது.

சபையைத் தொடங்கிய ஜீன் ஜூகனின் கதையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839 குளிர்காலத்தில், பார்வையிழந்து நடமாட முடியாமல் கிடந்த ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தான் பரண் அறையில் படுத்துக்கொண்டார். அன்று அவருக்கு 47 வயது. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்து முதியவர்களுக்குச் சோறு போட்டார். சபை வளர்ந்தது. பொறுப்பேற்றுக்கொண்ட பாதிரியார் அவரைத் தலைமையிலிருந்து ஒதுக்கி, தானே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார். கடைசி 27 வருடம் ஜீன் ஜூகன் தலைமை இல்லத்தில் சாதாரணச் சகோதரியாக இருந்தார். கூட இருந்த இளம் பெண்களுக்கு, சபையைத் தொடங்கியது இவர்தான் என்றே தெரியாது. அவர் வாதாடவில்லை, விலகிப் போகவுமில்லை. 1879-ல் 86 வயதில் இறந்தார். உண்மை பின்னால் வெளிவந்தது. 2009-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

பெயர், பதவி, செய்த காரியத்தின் பெருமை எல்லாவற்றையும் முதுமை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும். அப்போதும் கசந்து போகாமல் இருப்பதுதான் கடினம். சாவுக்குப் பயப்படாமல் இருப்பதைவிட இது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இல்லத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய விரல்கள், கணுக்கள் புடைத்திருந்தன. நினைவு போய்விட்டது, வந்திருப்பது யார் என்று தெரியவில்லை. கையில் ஜெபமாலை. மணி நகர்கிறது, வாய் நிற்கிறது. பக்கத்தில் ஒரு சகோதரி முழங்காலிட்டு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தின் முதல் பாதியை மெதுவாகச் சொன்னார். அந்தச் சகோதரி தமிழர் இல்லை. பாட்டிக்காகக் கற்றுக்கொண்ட தமிழ். இரண்டாம் பாதியைப் பாட்டி ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அடுத்த மணி. மறுபடி முதல் பாதி அவர், இரண்டாம் பாதி இவர். ஒருவர் நம்பிக்கையை மறந்துபோகும்போது இன்னொருவர் அவருக்காக அதை வைத்துக்கொண்டிருக்க முடியும் என்று நான் புரிந்துகொண்ட இடம் அது. இந்தச் சபையில், உயிர் பிரியும் நிலையில் இருப்பவரைத் தனியே விடுவதில்லை. இரவும் பகலும் முறை வைத்து ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்.

நம் ஊரை நினைத்துப் பார்க்கிறேன். “எனக்கு அப்புறம்…” என்று அப்பா ஆரம்பித்தால், “அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா” என்று வாயை அடைக்கிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவர் சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடுகிறது. பிறகு ஒரு நாள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மூக்கிலும் வாயிலும் குழாயோடு அவர் கிடக்கிறார். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று நம்மை வெளியே அனுப்புகிறார்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரையும் மன்னிக்கவில்லை, அறுபது வருடமாகச் சொல்லி வந்த பிரார்த்தனை காதில் விழவில்லை. மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. தேவைப்படும்போது அது வேண்டும். ஆனால் தயாரிப்பை அந்தக் கதவு வரைக்கும் தள்ளிப்போட்டது நாம்தான்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கும்போது நிறுத்தாதீர்கள். டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, யாரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருக்க வேண்டும், எந்தப் பிரார்த்தனை காதில் விழ வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தால், அந்த வீட்டுக்கு முதலில் கூட்டிப் போங்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போவதை அவர்கள் நிறுத்தியிருந்தால், மனம் விட்டுப்போய் நிறுத்தினார்களா, கூட்டிப்போக ஆளில்லாமல் நிறுத்தினார்களா என்று விசாரியுங்கள். ஆளில்லாமல்தான் என்றால், இந்த வாரமே ஒரு வண்டி பிடித்துக் கூட்டிப் போங்கள்.